காகிதம் வைத்துக் கட்டிய வண்டி

ஆரப்பாளையத்தில் புட்டுத்தோப்புக்குப் போகிற வழியில் நின்று, “பேப்பர் ஜெயக்கொடி வீடு எது?” என்று கேட்டால், அந்தக் காலத்தில் யாரும் உங்களை இரண்டாம் தடவை கேட்க விடமாட்டார்கள். கல்யாணப் பந்தலின் உச்சியில் தொங்குமே, மடித்தால் தட்டையாகவும் விரித்தால் உருண்டையாகவும் ஆகிற வண்ணக் காகித மணி, அதைச் செய்கிறவள் அவள். மதுரையில் அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் செய்த மணி தாலி கட்டுவதற்குள் ஒரு பக்கம் பிரிந்து பல்லை இளிக்கும். ஜெயக்கொடி செய்தது, பந்தல்காரன் அதைச் சுருட்டிக்கொண்டு போய் இன்னும் மூன்று கல்யாணத்தில் கட்டுகிற வரைக்கும் தாங்கும்.

எல்லாம் பசையில் இருக்கிறது என்பாள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை. காகிதத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு விட்டுப் பசைக்கோடு இழுப்பாள். அதன்மேல் வைக்கிற அடுத்த தாளில், கீழ்க்கோடுகளுக்கு நடுவே விழுகிற மாதிரி இழுப்பாள். இப்படி ஐம்பது தாள் அடுக்கிக் காயவைத்து, வெட்டி இழுத்தால், அறை அறையாகத் தேன்கூடு விரியும். ஒரு கோடு நகர்ந்தாலும் கூடு கோணிக்கொள்ளும். கூட வேலை பார்க்க வந்த பெண்கள் அவளிடம் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் அதிகம். கோடு கோணினால் கையில் இருக்கிற பிரஷ்ஷாலேயே முதுகில் ஒன்று வைப்பாள்.

செக்கானூரணிப் பக்கத்துப் பெண். வீரணனுக்கு வாழ்க்கைப்பட்டு மதுரைக்கு வந்தவள். வீரணன் லாரி டிரைவர். வாரத்தில் நாலு நாள் ஊரில் இருக்கமாட்டான். அவள் முதலில் பைண்டிங் கடை ஒன்றில் கணக்கு நோட்டுக்கு அட்டை ஒட்டினாள். பசையில் மயில்துத்தம் கலக்கக் கற்றது அங்கேதான். அந்த நீல விஷத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டால் பூச்சி கிட்டே வராது. ஆனால் கல்யாணச் சாமானுக்கு அவள் துத்தம் கலக்கமாட்டாள். நல்ல காரியத்துக்குப் போகிற பொருளில் விஷம் ஆகாது என்பது அவள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதனால் அவள் வீட்டில் எப்போதும் இரண்டு பசைச்சட்டிகள் இருந்தன. நீலச்சட்டி நோட்டுக்கு, வெள்ளைச்சட்டி கல்யாணத்துக்கு. ஒன்றின் கரண்டியை மற்றதில் போட்டால் வீடு இரண்டாகிவிடும்.

இப்படிப்பட்டவளை வண்டி கட்டுகிற வேலைக்கு இழுத்து வந்தவர் முத்திருளன். விராட்டிபத்தில் வேனுக்கும் லாரிக்கும் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். அதற்கு முன்னால் பெங்களூரில் ஒரு விமானக் கம்பெனியில் பதினோரு வருஷம் பிட்டர். மனிதருக்கு ஒரே கிறுக்கு: வண்டி லேசாகவும் இருக்கவேண்டும், இடித்தால் உள்ளே இருக்கிறவன் சாகவும் கூடாது. நம் ஊரில் அதுவரை கட்டியதெல்லாம் மரச்சட்டமும் தகரமும். இடித்தால் மரம் பிளந்து குத்தும், தகரம் கிழிந்து வெட்டும். கெட்டியாக இரும்பு போட்டுக் கட்டலாமென்றால் வண்டி கனத்து, பிரேக் பிடித்தாலும் நிற்காது. விமானத்தில் மட்டும் எப்படி என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் தேன்கூடு மாதிரி ஒரு சங்கதி, மூன்றையும் ஒட்டினால் இரும்புக்குச் சமம், எடையில் கால்வாசிகூடக் கிடையாது. அந்தத் தேன்கூட்டைச் செய்ய மதுரையில் ஆளில்லையே என்று மூன்று வருஷம் புலம்பினார்.

ஆளைக் கண்டுபிடித்தது அவருடைய கொழுந்தியாள் கல்யாணத்தில். எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருக்க, இவர் நாற்காலி மேல் ஏறிப் பந்தலில் தொங்கிய காகித மணியைப் பிய்த்து எடுத்து, அறைகளைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார், ஆள் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று முகத்தைச் சுளித்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் ஜெயக்கொடி வீட்டு வாசலில் நின்றார்.

“தங்கச்சி, இதே கூட்டை ரெண்டு விரல் உசரத்துக்கு, கெட்டித் தாள்ல பண்ணித் தருவியா?”

“கெட்டித் தாள்ல மணி பண்ணா யாருண்ணே பந்தல்ல கட்டுவா?”

“பந்தலுக்கு இல்லத்தா. வேனுக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவள் செய்துவைத்திருந்த கூடு ஒன்றை விரித்துத் தரையில் படுக்கவைத்தார். அறைகளின் வாய் மேலே பார்த்திருந்தது. அதன்மேல் ஒரு பலகையை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். எண்பது கிலோ ஆள். காகிதம் அசையவில்லை. ஜெயக்கொடி பதினைந்து வருஷமாகத் தன் கையால் செய்துவந்த பொருளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஒரு கர்வம் ஏறியது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

“பெங்களூர்ல இதுக்குச் சாண்ட்விச்சுன்னு பேரு. ரெண்டு ரொட்டிக்கு நடுவுல கறி வச்ச மாதிரி,” என்றார் அவர்.

“ரொட்டி காய்ச்சக்காரனுக்குல்ல குடுக்கிறது,” என்றாள் அவள். அன்றிலிருந்து பட்டறையில் அந்தப் பலகைக்கு ‘ரொட்டி’ என்றே பெயர் நின்றுவிட்டது.

முதல் வண்டி, தல்லாகுளத்தில் இருந்த ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்துக்கு. 1983, வைகாசி மாதம். பக்கத்துக்கு ஆறு ரொட்டி, ஆக மொத்தம் பன்னிரண்டு. கூட்டை ஜெயக்கொடி செய்வது. அலுமினியத் தகட்டோடு அதை ஒட்டுவது முத்திருளன், சென்னையிலிருந்து வரவழைத்த இரண்டு டப்பாப் பிசினைக் கலந்து. தாளுக்கும் தாளுக்கும் நடுவே இருப்பது மட்டும் புளியங்கொட்டைப் பசை. “பூச்சி விழுகாமப் பாத்துக்க தங்கச்சி, மத்ததை நான் பாத்துக்கிறேன்,” என்று அவர் ஒரு தடவை சொன்னார். இதைப் போய் எனக்குச் சொல்கிறாரே என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வேலை தொடங்கிய நாளை முத்திருளன் கல்யாண வீடாக ஆக்கிவிட்டார். வாழைக்கன்று கட்டி, தேங்காய் உடைத்து, அவள் அடுக்கிவைத்த தாள்க்கட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சாத்தினார். “நம்ம மூத்த பொண்ணுக்குக் கல்யாணம் மாதிரித்தான் இது. பச்சப் பிள்ளைக ஏறப்போற வண்டி,” என்று எல்லோர் கையிலும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். ஜெயக்கொடி அப்போது துத்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாள். பூவும் குங்குமமுமாக இருந்த அந்தக் கட்டைப் பார்த்தாள். பொட்டலத்தை மடித்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு முழுக்க வெள்ளைப் பசையில்தான் கோடு இழுத்தாள். மறுநாள் பூ வாடியிருந்தது, வேலை வேலையாகிவிட்டது, துத்தத்தைக் கலந்தாள். மீதி நாளெல்லாம் அவள் கை நீலமாகவே இருந்தது. முதல் நாள் தாளில் இரண்டு ரொட்டி ஆயிற்று. அவை வண்டியின் வலது பக்கத்தில், கடைசி இருக்கையை ஒட்டிப் போயின.

இதில் தப்பு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. கல்யாண மணியை யார் வருஷக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள்? ஆனால் வண்டி கல்யாண மணி இல்லையே. அந்த நினைப்பு வர ஐந்து மாதம் ஆயிற்று.

ஆனி மாதம் வண்டி ஓட ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா டிரைவர் தேடியபோது முத்திருளன் வீரணனைச் சேர்த்துவிட்டார். லாரியில் கிடந்து முதுகு போன மனிதன், தினம் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வேலை கிடைத்ததும் ஆளே மாறிப்போனான். பிள்ளைகள் பேரெல்லாம் அத்துப்படி. யாருக்கு எந்த இடம், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை என்று சாப்பிடுகிறபோது சொல்லிக்கொண்டே இருப்பான். வேன் பொம்மை மாதிரிப் போகிறது, கையால் தள்ளினால் நகர்கிறது என்று ஊரெல்லாம் பீற்றினான். ஜெயக்கொடியும் வாழ்க்கையில் முதல் தடவையாக, கணவன் வருகிற நேரத்துக்குச் சோறு வடித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை, பசைச்சட்டிக்கு மூடியாகப் போட்டிருந்த பலகையை எடுத்தாள். முதல் நாள் ரொட்டியில் மிஞ்சிய துண்டு அது. இரண்டு சாண் இருக்கும், ஓரமெல்லாம் திறந்து கிடந்தது. கையில் எடுத்ததுமே உள்ளே என்னவோ சரசரவென்று ஒரு பக்கமாகச் சரிந்தது. விரல் முட்டியால் தட்டினாள். கெட்டியாக ‘டொக்’ என்று கேட்கவேண்டியது, ‘பொத்’ என்றது. அரிவாள்மணையில் வைத்து நெம்பினாள். தகடு தனியாக வந்தது. உள்ளே கூடு இல்லை. பசைக்கோடு இருந்த இடமெல்லாம் அரித்துப்போய், தாள் துண்டு துண்டாக உதிர்ந்து கிடந்தது. வெள்ளி நிறத்தில் ராமபாணப் பூச்சிகள் வெளிச்சத்தைக் கண்டு நாலா பக்கமும் ஓடின.

அந்த இரண்டு ரொட்டியும் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். தினம் இரண்டு வேளை வைகைப் பாலத்தைத் தாண்டுகிற வண்டியில், எதிரே லாரி வருகிற பக்கத்தில்.

வண்டியில் இருக்கிற ரொட்டிக்கு ஓரமெல்லாம் பட்டை வைத்து அடைத்திருக்கிறது, பூச்சி போயிருக்காது என்று ஒரு மனசு சொன்னது. ஒட்டும்போதே முட்டை இருந்திருந்தால் என்று இன்னொன்று சொன்னது. வியாழக்கிழமை காலையில் ஒரு நாலணாவை எடுத்துக்கொண்டு தல்லாகுளத்துக்குப் போனாள். பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றது. இடது பக்கத்திலிருந்து காசால் தட்டிக்கொண்டே வந்தாள். டொக், டொக், டொக். முன்பக்கம் சுற்றி வலது பக்கம் வந்தாள். அங்கேயும் டொக்தான். கடைசி இருக்கைக்கு நேரே வந்ததும் இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் ‘ஓ’வென்று வெளியே ஓடிவந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தகட்டோடு ஒட்டிவைத்துத் தட்டினாள். ஒரு இடத்தில் டொக். ஒரு சாண் தள்ளி, பொத்.

“என்ன புள்ள, வண்டிக்கு வைத்தியம் பாக்கிற?” என்று வீரணன் சிரித்துக்கொண்டே வந்தான்.

அவள் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

“வாய மூடு. ஒரு சத்தத்தை வச்சுக்கிட்டு என்னத்தக் கண்ட நீ? சனிக்கிழமை என்ன நடக்கப்போகுது தெரியும்ல?”

தெரியும். கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்க்க, ஒரு ஆஸ்பத்திரி டிரஸ்டுக்கு ஆறு வண்டி வேண்டியிருந்தது. அவர்கள் சனிக்கிழமை வண்டியைப் பார்க்க வருகிறார்கள். கீழக்குயில்குடியில் சமணர் மலைக்குப் போகிற வழியில் ஒரு சரிவு இருக்கிறது. அங்கே மணல் மூட்டை ஏற்றிய நாலுசக்கரத் தள்ளுவண்டியை மேலிருந்து உருட்டிவிட்டு, நிற்கிற வேன் மேல் பக்கவாட்டில் மோதவிட்டுக் காட்டப்போகிறார் முத்திருளன்.

“வெறும் வேன்ல மோதுனா நம்பமாட்டாகன்னு, அவரே உள்ள உக்காரப் போறாராம்,” என்றான் வீரணன்.

“எந்தப் பக்கம்?”

அவன் திரும்பி வண்டியின் வலது பக்கத்தைப் பார்த்தான்.

அங்கிருந்து நேரே விராட்டிபத்துக்குப் பஸ் ஏறினாள். பட்டறையில் முத்திருளன் இல்லை. டிரஸ்டுக்காரர்களைக் கூட்டிவரத் திருச்சிக்குப் போயிருந்தார். சனிக்கிழமை காலையில் அவர்களோடு நேரே கீழக்குயில்குடிக்கு வந்துவிடுவாராம். போன் நம்பர் கேட்டாள், யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. “நாளைக்கு வண்டிய எடுக்காத,” என்றாள் அவள். “எடுக்காம? டீச்சரம்மாகிட்ட என்னத்தச் சொல்ல? முத்திருளண்ணே வாயில மண்ணு விழுந்துரும். நம்ம வாயிலயும்தான்,” என்றான் அவன். கடைசியில் அவள் இறங்கிவந்தாள். அவன் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

“அந்தப் பக்கம் கடைசி சீட்டுல மட்டும் யாரையும் உக்கார வைக்காத. ஒரே ஒரு நாளு. என் மேல சத்தியம் பண்ணு.”

“சரி புள்ள. காலியா விட்டுர்றேன்,” என்றான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவளால் ஒரு கோடு நேராக இழுக்க முடியவில்லை. தெருவில் யாராவது ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். காலையில் ஒன்பதரைக்கு வண்டி பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு மூச்சு விட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி மூச்சைப் பிடித்தாள். ஐந்தேகாலுக்கு வீரணன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். “காலியாத்தான விட்ட?” என்றாள். “ம்,” என்றான். அன்றைக்கு அவன் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டுப் படுத்தான்.

சனிக்கிழமை அவள் எழுந்து பார்த்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான். “நான் சொல்லிக்கிறேன், நீ வராத,” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இந்த ஆம்பிளை சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா? பதினேழு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள். பஸ் பிடித்து நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கினாள். அங்கிருந்து கீழக்குயில்குடிக்கு நடந்தாள் என்று சொல்வதா, ஓடினாள் என்று சொல்வதா? மழை பெய்து சேறாகக் கிடந்த பாதையில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவள் நிற்கவில்லை.

வீரணனும் தன்னால் ஆனதைச் செய்துதான் பார்த்திருக்கிறான். சரிவுக்கு இடது பக்கத்தைக் காட்டி வண்டியை நிறுத்தியிருக்கிறான். ஆனால் முத்திருளன் வந்ததும், “லாரிக்காரன் இந்தப் பக்கமாடா வந்து இடிப்பான்? திருப்பி நிறுத்துடா,” என்று சொல்லிவிட்டார். வீரணன் வாயைத் திறந்தான், டிரஸ்டிலிருந்து வந்த இரண்டு பேரையும் பார்த்தான், மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பி நிறுத்தினான். தள்ளுவண்டியைப் பிடித்திருந்த கயிறும் அவன் கையில்தான் வந்து சேர்ந்தது.

ஜெயக்கொடி வந்து சேர்ந்தபோது முத்திருளன் வலது பக்கத்துக் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கிவிட்டிருந்தார். கையை இறக்கினால் கயிற்றை விடவேண்டும்.

“விட்றாதீங்க! ஏங்க, விட்றாதீங்க!”

அவள் வண்டிக்கும் சரிவுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. முத்திருளன் தலையை வெளியே நீட்டி, “என்னத்தா இது, கிறுக்குப் பிடிச்சிருச்சா?” என்றார்.

“கீழ இறங்குங்கண்ணே. நீங்க உக்காந்திருக்கிற பக்கத்துல ரெண்டு ரொட்டி உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. நான் துத்தம் போடல.”

“என்ன போடல?”

“துத்தம். முத நாளு பூசை போட்டீங்கள்ல, பூ வச்சீங்கள்ல, கல்யாணம் மாதிரின்னு சொன்னீங்கள்ல… விஷம் கலக்க மனசு வரல. வெள்ளைப் பசையில இழுத்துப்புட்டேன். பூச்சி தின்னுருச்சு.”

முத்திருளன் இறங்கினார். தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்ததும் கை நின்றது. இன்னொரு தடவை தட்டினார்.

டிரஸ்டிலிருந்து வந்தவர்களில் கண்ணாடி போட்டவர், “காகிதமா? உள்ளே வைத்திருப்பது காகிதமா? இதைச் சொல்லவே இல்லையே நீங்கள்,” என்றார். பதினோரு வருஷப் பெங்களூரும் மூன்று வருஷப் புலம்பலும் அந்தச் சேற்றில் முத்திருளன் காலடியில் கிடந்தன. ஜெயக்கொடிக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. தன்னால்தான் இது என்பது ஒரு பக்கம். அதைவிட, காகிதமா என்று அந்த மனிதர் கேட்ட தொனி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“காகிதந்தாங்க. துத்தம் போட்ட காகிதம் நிக்கும். அந்தப் பக்கம் ஆறும் துத்தம் போட்டதுதான். பத்து நாளு என் கை ரெண்டும் நீலமாக் கெடந்துச்சு, எனக்குத் தெரியும். வண்டியத் திருப்பச் சொல்லுங்க. நான் உக்காருறேன்.”

“நீ ஒண்ணும் உக்கார வேணாம்,” என்றார் முத்திருளன்.

“உங்கள உக்காரச் சொல்ல எனக்கு வாயி ஏதுண்ணே இனிமே? என் கை வேலை, நான்தான் உக்காரணும்.”

வீரணன் கயிற்றைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு வந்து, மறுபடி வண்டியைத் திருப்பினான். அவள் ஏறி, இடது பக்கத்துக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்காகத் தாழ்வாகப் போட்ட இருக்கை. முழங்கால் முகவாய்க்கு வந்தது. தோளுக்குப் பக்கத்தில் தகடு குளிர்ந்திருந்தது. வீரணன் சரிவில் ஏறிப் போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டான். அவன் விடவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று.

“விடுங்க!” என்று அவளே கத்தினாள்.

தள்ளுவண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டாள். அதன் முன்னால் கட்டியிருந்த ரயில் கட்டை, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கனத்த மரம், நேரே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கண்ணை இறுக்க மூடினாள். ஒரு இடி. வண்டி மொத்தமாக ஒரு முழம் நகர்ந்து, அவள் அடுத்த இருக்கையில் போய் விழுந்தாள். பிறகு சத்தமே இல்லை. தோளைத் தொட்டுப் பார்த்தாள். தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு உள்ளங்கை ஆழத்துக்குக் குழிந்திருந்தது. கிழியவில்லை, குத்தவில்லை, உள்ளே வரவில்லை.

முத்திருளன் அந்தக் குழியை இரண்டு கையாலும் தடவினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் குனிந்து குனிந்து பார்த்தார், அவரும் தட்டிப் பார்த்தார். “போதும் முத்திருளன். நாங்கள் பார்த்தது போதும். அந்தப் பக்கத்தை மட்டும் சரிபண்ணிவிடுங்கள், ஆறு வண்டிக்கும் எழுதிவிடலாம்,” என்றார். முத்திருளன் திங்கட்கிழமைக்குள் பிரித்து மாற்றிவிடுவதாகச் சொன்னார். வீரணன் ஓடிவந்து அவள் காதோடு, “போதும் புள்ள, வா வீட்டுக்குப் போவோம்,” என்றான். அவன் ஏன் அத்தனை அவசரப்பட்டான் என்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அவள் ‘சரி’ என்று சொல்லியிருந்தால் கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் ஜெயக்கொடி. கோணல் கோடு போட்டவள் முதுகில் பிரஷ்ஷால் வைக்கிறவள்.

“அந்தப் பக்கமும் அடிச்சுப் பாருங்கண்ணே. பிரிச்சுத் தூரப் போட்டுட்டா, நான் பண்ணது எம்புட்டுத் தப்புன்னு எனக்குத் தெரியாமலே போயிரும்.”

முத்திருளன் தலையாட்டினார். வண்டியைத் திருப்பச் சொன்னார். கடைசி இருக்கையில் ஆளுக்குப் பதிலாக ஒரு சின்ன மணல் மூட்டையை நிமிர்த்தி வைத்தார்கள். அதே தள்ளுவண்டி, அதே மூட்டைகள், அதே தூரம். இந்தத் தடவை வீரணன் கயிற்றைத் தொடவில்லை; வேறு ஆள் விட்டான்.

இடிச்சத்தம்கூட அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. ரயில் கட்டை தகட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. வெளித்தகடும் உள்தகடும் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கி இருக்கையின் மேல் ஏறின. மூட்டை கிழிந்து, மணல் வண்டியின் படி வழியாகப் பொலபொலவென்று கொட்டியது. காகிதத் தூள் காற்றில் பறந்து எல்லோர் மேலும் விழுந்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

வீரணன் மெதுவாக வண்டிகிட்டே போனான். கொட்டுகிற மணலுக்குக் கீழே கையை நீட்டினான். பிடிக்கப் பார்த்தவன் போல. பிறகு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

“நேத்து இங்கனதான் உக்காந்திருந்துச்சு,” என்றான்.

“யாரு?”

“தங்கப்பொண்ணு. கோர்ட்டுப் பியூன் மக, நாலு வயசு. நான் காலியாத்தான் விட்டேன் புள்ள, சத்தியமா விட்டேன். ஜன்னலோர சீட்டு வேணும்னு அழுதுச்சு. ஒரு நாள்ல என்ன ஆயிரப் போகுதுன்னு, நான்தான்… என் கையாலதான் தூக்கி உக்கார வச்சேன்.”